துஜா காய்த்த வருஷம்

எங்கள் நர்சரி வாசலில் இரண்டு பெரிய துஜா மரங்கள் நிற்கின்றன. அவை காய்த்துவிட்டன என்று கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வரைக்கும் தம்பட்டம் அடித்தவள் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் கணவர் சொல்லிவிடுவார். அவர் சொன்னால் இன்னும் நாலு சேர்த்துத்தான் சொல்வார்.

துஜாவைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். பெயர் தெரியாமல் இருக்கலாம். கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், கம்பெனி கேட் என்று எங்கே போனாலும் வாசலுக்கு இரண்டு பக்கமும் விறைப்பாக ஒரு பச்சைக் கூம்பு நிற்குமே, அதுதான். பைன், சைப்ரஸ் வகையறாவைச் சேர்ந்தது. ஓசூர்க் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் ஒரு புதுக் கம்பெனி வருகிறதென்றால் முதலில் சுற்றுச்சுவர் வரும், அடுத்து செக்யூரிட்டி வருவார், மூன்றாவதாகத் துஜா வரும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. நெல்லைத் தவிர வேறு எதுவும் முளைத்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி ஓசூருக்கு வந்ததும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்து ஒன்பது வருஷம் இருந்தேன். பிளாஸ்டிக் மூடியை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, முடியளவு கீறல் தெரிந்தாலும் சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். என் கண்ணுக்குத் தப்பி ஒரு மூடி வெளியே போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பெருமை எனக்கு இன்னமும் உண்டு. ஆனால் ஒன்பது வருஷம் மூடியைப் பார்த்தால் யாருக்குத்தான் அலுக்காது? செடி வளர்க்கப் போகிறேன் என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டேன்.

என் கணவரும் ஓசூரில்தான் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"ஒரு வருஷம் பாரு," என்றார். "பெரிய ஆர்டர் ஒண்ணாவது நின்னா நர்சரி. இல்லன்னா பேசாம மறுபடியும் கம்பெனி லைனுக்குப் போயிடு."

நானும் சரி என்றேன். கெலமங்கலம் ரோட்டில் ஒரு ஏக்கர் குத்தகைக்குக் கிடைத்தது. பச்சை நிழல்வலை கட்டி, கவரில் நாற்று வளர்த்து, உதவிக்கு இரண்டு பெண்களையும் வைத்துக்கொண்டேன். செம்பருத்தியும் குரோட்டன்ஸும் சில்லறையாகப் போய்க்கொண்டிருந்தன. பெரிய ஆர்டர் மட்டும் வருகிற வழியாக இல்லை.

எட்டாவது மாதம், மழை விட்ட ஒரு காலையில், வாசல் துஜாக்களில் பழுப்பு நிறமாக ஏதோ தொங்குவதைப் பார்த்தேன். சுண்டு விரலில் பாதி நீளம். கூம்பு வடிவம். மேலே காய்ந்த செதில்கள் ஓடு வேய்ந்தது போல அடுக்கடுக்காக இருந்தன. இந்த வகை மரங்களின் காய் கூம்பாக, செதில் செதிலாக இருக்கும் என்று போனில் படித்திருந்தேன். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஏணி போட்டு ஏறிப் பறித்தேன். ஒவ்வொன்றும் கிளையை விட்டு வராமல் பிடிவாதம் பிடித்தது. நல்ல முற்றல் என்று நினைத்துக்கொண்டேன். வெங்காயம் வருகிற வலைப்பை ஒன்று நிரம்பியது. விதை நிழலில் காயட்டும் என்று அந்தப் பையை நிழல்வலைக்குள் கட்டித் தொங்கவிட்டேன். அதற்கு நேர் கீழே அறுநூறு துஜா நாற்றுகள் இருந்தன. நர்சரியிலேயே அவைதான் என் செல்லப் பிள்ளைகள்.

படம் எடுத்து நர்சரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "எங்கள் துஜா காய்த்திருக்கிறது" என்று ஒரு பூங்கொத்துப் பொம்மையும் சேர்த்தேன். நிறையப் பேர் கட்டை விரலை உயர்த்தினார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் கால் கிலோ விதை கிடைக்குமா என்று கேட்டார். அத்தனை பேரும் செடி விற்கிறவர்கள். ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? ஆனால் அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லோரும் நாற்றை வாங்கி வளர்த்து விற்கிறவர்கள்தான். துஜா காயை எவரும் பார்த்ததில்லை. நிஜமான காயை நான் பார்த்ததே அடுத்த வருஷம்தான். சாம்பல் பூசிய பச்சையில், குட்டிக் கொம்புகளோடு, பட்டாணி பெருசுக்கு இருந்தது.

அடுத்த மாதமே அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. சூளகிரிப் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு கம்பெனியின் தோட்டப் பொறுப்பாளர் பைக்கில் வந்து இறங்கினார். நிழல்வலைக்குள் ஒரு சுற்று நடந்தார். துஜாவுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இந்த அறுநூறும் எனக்கு வேணும் மேடம். ஒரே உயரம், ஒரே நிறம். லோடு ஏத்துறதுக்கு முன்னாடி நானே வந்து பாப்பேன். ஒரு செடியில பூச்சி இருந்தாலும் மொத்தமும் வேணாம்."

ஒன்பது வருஷம் நான் பேசிய பாஷை அது. கேட்கவே இனிமையாக இருந்தது. தை மாதத்தில் ஒரு தேதி குறித்துக்கொடுத்துவிட்டுப் போனார். என் ஒரு வருஷம் முடிய அந்தத் தேதியிலிருந்து பத்தே நாள்தான் இருந்தது. ராத்திரி கணவரிடம் சொன்னபோது, "அப்ப பாத்துடலாம்" என்றார். அந்த வார்த்தையில் கேலி இருந்ததா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

தை பிறந்தது. துஜா நுனிகள் பழுக்கத் தொடங்கின. குளிர் கடித்துவிட்டது என்று நினைத்தேன். கடலைப் புண்ணாக்கு கரைத்து ஊற்றினேன். தண்ணீரைக் கூட்டினேன், பிறகு குறைத்தேன். நாளுக்கு நாள் செடிகள் மொட்டையடித்ததுபோல ஆகிக்கொண்டே வந்தன. பொறுப்பாளர் வருவதற்கு எட்டு நாள் இருக்கும்போதுதான் பக்கத்துத் தோட்டத்து அக்கா எங்கள் போரில் தண்ணீர் பிடிக்க வந்தார். அவர்கள் மோட்டார் பழுதாகியிருந்தது.

அக்கா வீட்டுக்காரர்கள் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஏக்கர் மல்பெரி, அதற்குப் பின்னால் புழு ரூம். அக்கா வீட்டில் தெலுங்கு பேசுவார், சந்தையில் கன்னடம் பேசுவார், என்னிடம் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மூன்றையும் பேசுவார். குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தவர், வலைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏமே, இதை எதுக்குக் கட்டித் தொங்க விட்டிருக்க?"

"துஜா காய்க்கா. விதைக்கு வச்சிருக்கேன்."

அக்கா பையில் கைவிட்டு ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். உள்ளே விதை இல்லை. வெள்ளைப் பஞ்சும், ஒரு காய்ந்த கூடும் இருந்தன.

"காயா? அம்மோ! புழுக்கூடும்மா இது. உள்ள இருந்த குட்டியெல்லாம் நூலு விட்டு எறங்கிப் போயி ஒரு மாசத்துக்கு மேல ஆயிருக்கும்."

குனிந்து ஒரு நாற்றின் நுனியை வளைத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"இதோ நடக்குது பாரு, உன் காயி."

பார்த்தேன். நெல்மணி அளவில் ஒரு குச்சுவீடு. துஜா இலையையே துண்டு துண்டாகக் கத்தரித்து மேலே ஒட்டிக்கொண்டு, ஒரு கறுப்புத் தலையை வெளியே நீட்டி, நடந்து போய்க்கொண்டிருந்தது. அடுத்த நுனியில் இரண்டு. அதற்கடுத்த செடியில் எண்ண முடியவில்லை. தின்ற இலையையே உடுத்திக்கொள்கிற புழுவாம் அது. செடியோடு செடியாக இருக்கும், யாருக்கும் தெரியாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அதற்குத் தொட்டிலும் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

அக்கா சிரித்த சிரிப்பில் குடம் சாய்ந்து தண்ணீர் முழுக்கக் கொட்டியது. எனக்கும் பிறகு சிரிப்பு வந்தது. ஆனால் முதலில் அழுகைதான் வந்தது. அறுநூறு செடி, எட்டு நாள், ஒரு வருஷம் என்று விரல் விட்டு எண்ணியபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை கெலமங்கலத்தில் மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்லவர். புழுவைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார்.

"இது கெமிக்கல் இல்லம்மா, கிருமியில செஞ்ச மருந்து. இலை தின்ற புழுவோட வயித்துக்குள்ள போயி அதை மட்டும் கொல்லும். மனுஷன், மாடு, தேனீ எதுக்கும் ஒண்ணும் ஆகாது. இயற்கை!"

இயற்கை என்றதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. தோட்டத்துக்கு வந்ததும் வேலியோரம் நின்று அக்காவிடம் பொட்டலத்தைக் காட்டி, கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இலை தின்ற புழுவை மட்டுந்தான் கொல்லுமா?"

"ஆமாக்கா."

"என் புழு என்ன தின்னுது? பிரியாணியா?"

நான் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன்.

"ஒரு சாரல் எங்க மல்பெரி மேல பட்டாப் போதும். அந்தத் தழையைப் போட்டா ரூமு மொத்தமும் வாந்தி எடுத்துட்டுச் சாவும். வேணாம்மா. சொல்லிட்டேன்."

"ஏழு நாள்ல ஆள் வர்றாருக்கா. உங்க புழு கூடு கட்ட எத்தனை நாளாகும்?"

"இன்னும் பன்னெண்டு நாளு."

"அதுவரைக்கும் என் செடியை யாரு பாக்குறது? உங்க புழு பொழைக்கணும்னா என் நர்சரி அழியணுமா?"

"உன் செடி மேல புழுவைக் கட்டித் தொங்க விட்டது யாரு? நானா?"

அதற்கப்புறம் மூன்று பாஷையும் வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, தஞ்சாவூர்த் தமிழ் ஒன்றும் இளைத்ததில்லை. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். அவர் சொன்னது உண்மை என்பதால் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது. பொய் சொன்னவர்கள் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

அன்று ராத்திரி கணவரிடம் கேட்டேன். "விடியறதுக்குள்ள அடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போவுது? ஆனா உன் இஷ்டம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். என் இஷ்டம் என்று சொல்லிவிட்டால் பாவம் என் தலையில்தானே!

விடியற்காலையில் கைத்தெளிப்பான் டேங்கில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு போனேன். பொட்டலம் கையில் இருந்தது, கத்தரி இடுப்பில் இருந்தது. தை மாதத்துக் காற்று கிழக்கிலிருந்து வீசும். எனக்கு மேற்கேதான் அக்காவின் மல்பெரி. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மேலே தூவினேன். தூசு நேராக வேலியைத் தாண்டிப் போனது. வேலிக்கு அப்பால், சேலை மேல் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, அக்கா குனிந்து தழை அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்ததைக் கட்டாகக் கட்டி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தோளில் சாய்த்துக்கொண்டு புழு ரூமுக்குப் போனார். போய்விட்டு மறுபடியும் வந்து அறுத்தார். நான் நிழல்வலைக்குப் பின்னால் அப்படியே நின்றேன். முதுகில் டேங்க் கனத்தது. முந்தின நாள் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது. பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. டேங்க் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டு, இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, கையாலேயே பொறுக்கிவிடுவோம் என்றேன்.

இந்த இடத்தில் என் தரப் பிரிவுப் புத்தி வேலை செய்தது. மேஜை போட்டேன். சிவப்பு நாடா, பச்சை நாடா வாங்கினேன். ஒருவர் செடியைத் தூக்கி வர வேண்டும், ஒருவர் பொறுக்க வேண்டும், நான் சரிபார்த்து நாடா கட்டுவேன் என்று முறை வகுத்தேன். என் கணவருக்கு அந்த வாரம் மத்தியான ஷிஃப்ட் என்பதால் காலையில் வீட்டில்தான் இருந்தார். ஆனால் அவர் புழுவைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள். கத்தரிக்காயில் புழு வந்தால்கூட முறத்தோடு என்னிடம் தள்ளிவிடுவார். டீ வாங்கித் தருவதோடு தன் பங்கை முடித்துக்கொண்டார். சாயங்காலம் பார்த்தால் எழுபது செடி முடிந்திருந்தது. அடுத்த நாளும் எழுபதுதான். எனக்குக் கணக்கு தெரியும். இந்த வேகத்தில் போனால் பொறுப்பாளர் வருகிற அன்று நூற்றெண்பது செடி புழுவோடு நிற்கும்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அக்கா வேலியோரம் வந்து நின்றார். சண்டைக்குப் பிறகு அன்றுதான் முதல் பேச்சு.

"என்னாத்துக்கும்மா கல்யாணம் மாதிரி நாடா கட்டிக்கிட்டு இருக்க?"

"சரிபார்த்ததுக்கு அடையாளம்க்கா."

பச்சை நாடா கட்டிய ஒரு செடியை எட்டி இழுத்து, அதிலிருந்து மூன்று புழுக்கூடுகளை எடுத்து வேலிக் கம்பத்தின் மேல் வரிசையாக வைத்தார். நான் அந்தச் செடியின் பச்சை நாடாவை அவிழ்த்தேன்.

"நாளைக்கி எங்க புழுவுக்கு நாலாவது ஜொரம். வர்றோம்," என்றார்.

பட்டுப்புழு நாலு முறை தோலுரிக்கும். அதைத்தான் இங்கே ஜொரம் என்கிறார்கள். அந்த ஒரு நாள் புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும், தீனி தின்னாது. புழு வளர்க்கிற வீட்டுக்கு அதுதான் லீவு நாள். நாலாவது ஜொரம் முடிந்தால் பிறகு ஒரு வாரத்துக்குப் பகல் இரவு பாராமல் தின்னும், தழை போட்டு மாளாது. கொஞ்சம் படுத்துக்கொள்ளக் கிடைக்கிற கடைசி நாளைத்தான் அக்கா எனக்குத் தருவதாகச் சொன்னார். அது அப்போது எனக்கு முழுதாக உறைக்கவில்லை.

மறுநாள் காலை அக்காவோடு நாலு பெண்கள் வந்தார்கள். நாலு பேரும் பக்கத்துப் புழு வீட்டுக்காரர்கள், அந்த முறை பட்டுப்புழு முட்டை வாங்காமல் சும்மா இருந்தவர்கள். அக்காவின் வீட்டுக்காரர் வரவில்லை.

"அண்ணன் எங்கக்கா?"

"புழுவுக்குக் காவல்."

"தூங்குற புழுவுக்கு என்னக்கா காவல்?" என்று கேட்டேன். அக்கா என் மேஜையைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

அவர்கள் வேலை செய்த விதமே வேறு. தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, செடியை மடியில் சாய்த்து, சூரியனுக்கு எதிரே பிடித்துக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் இலையாகவே தெரிகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புழுக்கூடு மட்டும் கறுப்பாகத் திரண்டு தெரிந்துவிடுகிறது. ஒன்பது வருஷம் மூடியை நான் அப்படித்தான் பார்த்தேன். செடியை அப்படிப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லையோ!

"இழுக்காத," என்றார் அக்கா என்னிடம். "கத்தரியால வெட்டு. கூட்டை இழுத்தா நூலு செடியிலேயே நின்னுடும். செடி தடிக்கிறப்ப அது கழுத்தை நெரிச்ச மாதிரி ஆயிடும். இதுவும் ஒரு பட்டுதான். சுலபத்துல அறுபடாது."

ஆளுக்கு ஒரு சின்ன வாளி, அதில் சோப்புத் தண்ணீர். வெட்டி விழுகிற கூடுகள் அதில் விழுந்துகொண்டே இருந்தன. பேச்சு மட்டும் நிற்கவேயில்லை. என் வாட்ஸ்அப் படத்தை அவர்களில் ஒருத்தி போனில் எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். "பெங்களூர்க்காரருக்குக் கால் கிலோ அனுப்பிடு, பாவம் கேட்டிருக்காரு" என்று ஒருத்தி வாளியை நீட்டினாள். மத்தியானம் ராகிக் களியும் கொள்ளுக் கடைசலும் கொண்டு வந்திருந்தார்கள். எனக்குக் களியை மெல்லாமல் விழுங்கத் தெரியாது. அதற்கும் ஒரு பாட்டம் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க என் நெஞ்சிலிருந்த பாரம் குறைந்துகொண்டே வந்தது.

ஐந்து மணிக்குக் கடைசிச் செடியும் முடிந்தது. நான் பச்சை நாடா கட்டியிருந்த பழைய நூற்று நாற்பதையும் சேர்த்து மறுபடி பார்த்திருந்தார்கள். அதில் எத்தனை கிடைத்தது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பிறகு அக்கா எங்கள் போர்த் தண்ணீரில் தலைக்குக் குளித்தார். நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கட்டியிருந்த சேலையைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டு வேறு சேலை உடுத்திக்கொண்டு போனார். எவ்வளவு சுத்தம் பார்க்கிற மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாலை ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா புழு ரூமிலிருந்து பத்தடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தார். ஜொரம் தெளிந்து புழுக்கள் எழுந்துவிட்டிருந்தன. உள்ளே அண்ணன் ஒற்றை ஆளாகத் தழைக் கட்டோடு தட்டுக்குத் தட்டு ஓடிக்கொண்டிருந்தார். வேர்த்து வழிந்தது.

"நீங்க உள்ள போகலையாக்கா?"

"வேற புழுவைத் தொட்ட கை. ரெண்டு நாளைக்கு ரூமுக்குள்ள போகக்கூடாது. தழையும் தொடக்கூடாது. அந்தப் புழுவோட நோவு இதுக்கு ஒட்டிக்கும்."

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. அண்ணன் ஏன் வரவில்லை என்பதும், அந்தக் குளியலும்.

"இது தெரிஞ்சுமா வந்தீங்க? தீனி அதிகமா போடுற நேரத்துல?"

அக்கா மைசூர்பாகுப் பெட்டியைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கிக் காலையில முதுகுல டேங்கை மாட்டிக்கிட்டு நீ வலைக்குப் பின்னாடி நின்னியே, நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மண்ணை அள்ளித் தூவுனதையும் பாத்தேன். கையில அறுவா இருக்குதேன்னு நெனச்சேன், வந்து வேலியைத் தாண்டிடலாமான்னுகூட நெனச்சேன். அப்புறம் நீ தண்ணியைப் பூச்செடிக்கு ஊத்திட்டுப் போயிட்ட."

நான் அழுதேன். அக்கா, "அழுவாத, மைசூர்பாகு உப்புக் கரிக்கும்" என்றார். நான் உடனே தழை அறுக்கக் கிளம்பினேன். அக்கா ஒரு அதட்டல் போட்டார்.

"நீயும் தொட்டவதானே! தள்ளி நில்லு!"

நான் மட்டுமா? என் இரண்டு பெண்களும் தொட்டவர்கள். உதவிக்கு வந்த நாலு பேரும் தொட்டவர்கள். சுற்றுவட்டாரத்தில் எங்களுக்குத் தெரிந்த கைகளில் அந்தப் புழுவைத் தொடாத கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் கணவருடையது.

மத்தியான ஷிஃப்ட் முடிந்து ராத்திரி அவர் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

"புழுவா? எத்தனை?"

"ஒரு ரூம் நிறைய."

நாற்காலியை ஒருமுறை பார்த்தார். "அந்தம்மா எத்தனை மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டார். மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் போலப் போனார். நோய்க்கிருமி அண்டாமலிருக்க வாசலில் கொட்டியிருந்த சுண்ணாம்பில் கால் வைத்து உள்ளே நுழையும்போது கண்ணை மூடிக்கொண்டார் என்று அக்கா பிற்பாடு நடித்துக் காட்டினார். முதல் தட்டுக்குத் தழையைத் தூர நின்று வீசினாராம். அண்ணன் அவர் கையைப் பிடித்து, எப்படிப் பரப்ப வேண்டும் என்று வைத்துக் காட்டினாராம். ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு சாப்பிடுது தெரியுமா? போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள காம்புதான் மிச்சம்" என்றார். ஷிஃப்டுக்குக் கிளம்புகிற வரைக்கும் அதைப் பற்றியேதான் பேசினார். அடுத்த நாள் நான் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

குறித்த தேதியில் சூளகிரிப் பொறுப்பாளர் வந்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக முப்பது செடிகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் பூதக்கண்ணாடி வேறு. நுனி கொஞ்சம் தின்னப்பட்டிருந்ததைக் கவனித்தார்.

"புழு அடிச்சிருக்கு. ஆனா இப்ப ஒண்ணு கூட இல்ல. பரவாயில்ல, புதுத் துளிர் வருது." ஒரு படிவத்தை நீட்டினார். "எந்த மருந்து அடிச்சீங்கன்னு இதுல எழுதிடுங்க. இந்தக் கட்டத்தை வெறுமையா விட்டா மேல ஒத்துக்க மாட்டாங்க."

கட்டம் வெறுமையாக இருந்தால் ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஒன்பது வருஷம் நானே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மருந்தின் பெயர் என்ற இடத்தில் "கையால் பொறுக்கியது" என்றும், அளவு என்ற இடத்தில் "எட்டுப் பேர், ஒரு பகல்" என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பாளர் இரண்டு முறை படித்தார்.

"யாராவது கேட்டா என்ன சொல்றது மேடம்?"

"வந்து பாக்கச் சொல்லுங்க. இன்னும் நகத்துல சோப்பு வாசனை போகல."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மறுநாள் டெம்போ வந்து அறுநூறும் ஏறின. வண்டி மறைகிற வரைக்கும் ரோட்டில் நின்றேன். காலியான இடம் கல்யாணத்துக்கு மறுநாள் மண்டபம் போல இருந்தது. ஆனால் மனம் நிறைந்திருந்தது.

அதற்குப் பிறகு நாட்கள் ஓடின. அக்காவின் புழுக்கள் பழுத்து, சந்திரிகை என்கிற மூங்கில் தட்டுகளில் ஏறி வெள்ளை வெளேரென்று கூடு கட்டின. ஒரு புழுவுக்கும் நோவு வரவில்லை. இரண்டு நாள் போதும் என்று சொல்லியும் என் கணவர் காலையில் அந்தப் பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் வந்தார். எங்கள் ஒரு வருஷக் கெடு முடிகிற தேதியை நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பழைய லைனில் ஆள் எடுப்பதாகக் காதில் விழுந்திருந்ததால் கொஞ்சம் பயமும் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்துக்குக் கை நீட்டியபடி அவர் சொன்னார்:

"நாளைக்குக் கம்பெனிக்கு லீவு சொல்லிட்டேன். அண்ணன் வீட்டுல கூடு பிரிக்கிறாங்களாம். நீயும் சீக்கிரம் எழுந்துக்கோ, ஆறு மணிக்கெல்லாம் போகணும்."